பனியில் சறுக்குக்கட்டை

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி மூலைக்கு வரும்போது கூட்டம் முழுக்க வடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் தெரு அண்ணாச்சி மட்டும் சக்கரத்தைப் பார்ப்பார். வாலிபத்தில் பல வருஷம் சறுக்குக்கட்டை போட்டவர். உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் ஒரு பக்கமாகக் கட்டையைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று விலக வேண்டும். அந்தப் பக்கம் சக்கரம் தயங்கும், மறுபக்கம் ஓடும், தேர் திரும்பும். கொஞ்சம் பிந்தினால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் நிற்கும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணி. நான் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்குத?"

"பனிச்சறுக்குப் போட்டி அண்ணாச்சி."

"வழுக்கிக்கிட்டுத்தான போறான். இதுல என்ன இருக்கு?" என்றவர் போகவில்லை. இரண்டு பேர் இறங்கி முடித்ததும் கேட்டார்: "சரி, இவனுக்குக் கட்டை யாரு போடுதா?"

பனிச்சறுக்கைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான கேள்வி அது. மலைச்சரிவில் இழுவைக்குப் பஞ்சமே இல்லை. வடம் பிடிக்க ஆள் வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்ளும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலில் மாட்டும் பலகை ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, பூட்ஸ் ஏன் அப்படி இறுக்குகிறது, பந்தயக்காரர்கள் ஏன் பஞ்சு போன்ற பனியை வெறுக்கிறார்கள், எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதலில் பனியைப் பேசிவிடலாம். நமக்கு அந்த ஒரே சொல்லுக்குள் பல சாமான். மார்கழியில் கோலம் போடப் போகிறவளிடம் "பனி விழுது, தலையில துணியப் போட்டுக்க" என்கிறோமே, அதுவும் பனி. ஊட்டிப் புல்லில் காலையில் வெள்ளையாகப் பூத்திருப்பதும் பனி. இமயத்தில் இடுப்பளவு கிடப்பதும் பனி. திருநெல்வேலியில் இதற்குமேல் பிரிக்க வேண்டிய தேவை வந்ததில்லை. பொதிகையே 1,868 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டாலும், நம் அட்சரேகையில் தண்ணீர் உறையும் குளிருக்கு ஐயாயிரம் மீட்டர்வரை போக வேண்டும். ஆனால் மண் என்று வந்தால் கரிசல், வண்டல், செம்மண், தேரி என்று நம் சம்சாரி பிரித்துப் பேசுவார் இல்லையா, சறுக்குகிறவர்கள் பனியை அப்படிப் பிரித்துப் பேசுகிறார்கள்.

அதற்கு முன், பனி ஏன் வழுக்குகிறது? தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் பனைமட்டையில் உட்கார்ந்து இறங்கியவர்களுக்குத் தெரியும்: மேடு நன்றாகச் சரிந்திருந்தால் மட்டை நகரும், கொஞ்சம் படுத்தால் நின்றுவிடும். மணல் துகள்கள் மட்டையைப் பிடித்துக்கொள்ளும். பனியில் உராய்வு அதைவிடப் பல மடங்கு குறைவு. கண்ணுக்குத் தெரியாத சரிவில்கூட ஆளை நகர்த்திவிடும். உடம்பு எடையின் அழுத்தத்தில் பனி உருகித் தண்ணீராகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. நீளமான இரண்டு பலகைகளில் எழுபது கிலோ பரவினால் வரும் அழுத்தம் ரொம்பக் கொஞ்சம். 1939இல் பவ்டன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் உயரத்தில் செய்த சோதனைகள் வேறு காரணத்தைக் காட்டின. பலகை உரசுவதில் பிறக்கும் சூடுதான் பனியின் மேற்பரப்பை மெல்லிய நீர்ப்படலமாக்குகிறது. அதோடு, பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உறைநிலைக்குக் கீழேயும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை என்பதும் இன்று தெரிகிறது. குற்றாலத்துப் பாறை காய்ந்து கிடந்தால் நடந்துவிடலாம், பாசியும் ஈரமும் சேர்ந்தால்தான் ஆளைத் தூக்கிப் போடும், அந்த மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிர் அதிகமானால் வழுக்கலும் அதிகமாகும் என்றுதானே நினைப்போம்? மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் நீர்ப்படலம் சரியாக உருவாகாது, பனி மணல்போல் இழுக்கும். தேரிக்காடேதான். மறுபக்கம், வெயில் ஏறி ஈரம் அதிகமானால் பலகையின் அடி தண்ணீரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். நனைந்த இரண்டு கண்ணாடியைச் சேர்த்து வைத்துப் பிரித்துப் பார்த்தால் புரியும். இரண்டுக்கும் நடுவே, உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான் சறுக்கல் சுகமாக இருக்கும்.

புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் காற்றுதான். பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் கிடைப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். இதைத்தான் பவுடர் என்பார்கள். முகத்தில் பூசும் பவுடர்போலவே இருக்கும், விழுந்தாலும் வலிக்காது. விளம்பரப் படங்களில் வருவது எப்போதும் இதுதான். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது சரிப்படாது. பலகை உள்ளே புதைந்துவிடும். பெரும்பாலான ஆட்கள் சறுக்குவது, இரவோடிரவாக இயந்திரம் ஓட்டித் தட்டிச் சமன்செய்த பனியில். காலையில் முதல் ஆளாகப் போனால் உழவுச்சால் ஓட்டின மாதிரி வரிவரியாகக் கிடக்கும். பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்தால், துகள்கள் உருண்டு திரண்டு தூத்துக்குடிக் கல்லுப்புபோல் ஆகும். வசந்த காலத்தில் காலை பத்து மணிவாக்கில் இந்தக் கல்லுப்புப் பனி மேலே மட்டும் இளகும், கீழே கெட்டியாக இருக்கும். அனுபவசாலிகள் பலருக்கு இதுதான் பிடித்தம், எனக்கும் அப்படித்தான். மத்தியானம் தாண்டினால் சர்பத்தில் போடும் அரைத்த ஐஸ் மாதிரி கூழாகிவிடும். அப்போது முழங்காலுக்குத்தான் ஆபத்து.

இயற்கைப் பனி மட்டும் போதாத காலம் இது. 1950இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மோஹாக் மலையில் இயந்திரத்தால் பனி செய்து சறுக்கினார்கள். இன்று பெரிய சறுக்குத் தலங்கள் பலவும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுக்கவே செயற்கைப் பனியில் நடந்தது. அழுத்தத்தோடு தண்ணீரையும் காற்றையும் நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறார்கள். தரைக்கு வருவதற்குள் துளி உறைய வேண்டும். இங்கே வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது, காற்றின் ஈரப்பதமும் வேண்டும். பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, கடற்கரை ஊரில் அதே பானை அவ்வளவு குளிர்விப்பதில்லை. வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது மிச்சத்தின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். பனி இயந்திரத்தின் துளிக்கும் அதே கணக்கு. காற்று வறண்டிருந்தால் உறைநிலைக்குச் சற்று மேலேயே பனி செய்துவிடலாம். ஈரம் நிறைந்திருந்தால் மைனஸ் இரண்டு, மூன்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

செயற்கைப் பனியின் துகள் நட்சத்திர வடிவத்தில் இருக்காது, குட்டிக் குட்டி உருண்டை. அடர்த்தி அதிகம், சீக்கிரம் உருகாது, விழுந்தால் நன்றாக வலிக்கும். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு அதுதான் வசதி. அவர்கள் அதோடும் நிற்பதில்லை. தண்ணீரைப் பனிக்குள் செலுத்தி, சரிவையே கண்ணாடிபோல் உறையவைப்பார்கள். எதற்கு இந்த வேலை? மென்மையான பனியில் முதல் பத்துப் பேர் இறங்கியதுமே திருப்பங்களில் பள்ளம் விழுந்துவிடும். முப்பதாவது ஆளுக்கு அது வேறு மலை. கெட்டியாக இருந்தால்தான் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே களம். வெயில் ஏறிப் பனி இளகினால் உப்பைத் தூவுவார்கள். உப்புப் போட்டால் உருகத்தானே செய்யும் என்று தோன்றும். உருகத்தான் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்துப் பனியிலிருந்து பிடுங்கிக்கொள்வதால் சுற்றியுள்ள ஈரம் இறுகி உறைந்துவிடும். குல்பிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போட்டு மூடுவது ஞாபகம் இருக்கிறதா? அதே வித்தை.

நம் நாட்டில் பனிச்சறுக்கு என்றால் முதலில் காஷ்மீரின் குல்மார்க். அடிவாரமே சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து இரண்டு கட்டமாகப் போகும் கொண்டோலா என்ற கம்பிவட வண்டி அபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். இரண்டு பொதிகையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அந்த உயரத்துக்கு எட்டாது. உத்தராகண்டில் அவ்லி, 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டின் சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். இமாச்சலில் சோலாங் பள்ளத்தாக்கு.

இந்த இடங்களுக்கு டிக்கெட் போடும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் எப்போது தொடங்கும் என்பது தென்காசியில் தீர்மானமாவதில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வந்தால்தான் உண்டு. குல்மார்க்கும் அப்படித்தான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே வரும் காற்றமைப்புகள் கொண்டுவந்து கொட்டினால்தான் பனி. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாள் அவை வரவில்லை. குல்மார்க் புல்லும் மண்ணுமாகக் கிடந்த படங்கள் எல்லாச் செய்திகளிலும் வந்தன. 2025இல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் பகுதியைப் பனி இல்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். சாரலைப் பார்த்துவிட்டுக் குற்றாலத்துக்கு வண்டி எடுக்கிறவர்கள் நாம்; அதே புத்தி அங்கேயும் வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்களில் பலர் ஸ்கீ பலகையை முதலில் பார்த்தது துபாயில்தான் இருக்கும். 2005இல் ஒரு பெரிய மாலுக்குள் திறந்த ஸ்கீ துபாயில் ஐந்து சரிவுகள் உண்டு. நீளமானது 400 மீட்டர். வெளியே வெயில் நாற்பத்தைந்து டிகிரி, உள்ளே உறைநிலைக்குக் கீழே. பாலைவனத்தில் இப்படி ஒன்று தேவையா என்பது தனி விவாதம். கற்றுக்கொள்ளும் இடமாக அதைக் குறை சொல்ல மாட்டேன். பனி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

இப்போது கட்டைக்கு வருவோம். ஸ்கீ பலகையைக் கையில் வாங்கி மேலிருந்து பாருங்கள். முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுங்கல். உடுக்கையைப் பிடித்து ஒன்றரை மீட்டருக்கு இழுத்துவிட்ட மாதிரி. இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு. 1926இல் ஆஸ்திரியரான ருடால்ஃப் லெட்னர் காப்புரிமை வாங்கிய யோசனை அது. பலகையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தரையில் வையுங்கள். முன்நுனியும் பின்நுனியும் தரையைத் தொடும், நடுவில் இடைவெளி தெரியும். நடுவில் அழுத்தினால் அந்த இடைவெளி மூடும்வரை பலகை வில்லாக வளையும். அவ்வளவுதான் ரகசியம். சரிவில் காலைச் சாய்த்து எடையைக் கொடுத்தால் பலகை வில்லாகி, விளிம்பு பனியைக் கீறிக்கொண்டு அந்த வில்லின் வழியிலேயே ஓடும். தேருக்கு அண்ணாச்சி வெளியிலிருந்து கட்டை போட்டார். இங்கே கட்டை காலோடு கூடவே போகிறது.

பழைய பலகைகளுக்கு இந்த இடுப்பு அவ்வளவு ஒடுங்கியதில்லை. இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் வாலைப் பக்கவாட்டில் தள்ளிச் சறுக்கவைக்க வேண்டும். 1993 வாக்கில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பை நன்றாக ஒடுக்கிப் பலகை கொண்டுவந்த பிறகு பத்து வருஷத்துக்குள் உலகமே மாறிவிட்டது. வருஷக்கணக்கில் பழக வேண்டிய திருப்பத்தைச் சாதாரண ஆள் சில நாளில் தொட்டுவிட முடிகிறது.

புதியவருக்கு முதலில் சொல்லித்தருவது அதுவும் அல்ல. பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஆப்பு மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உள்விளிம்பு இரண்டும் பனியில் உரசி வேகத்தைப் பிடிக்கும். ஒரு காலில் எடை கூட்டினால் எதிர்ப்பக்கம் திரும்பும். இது அச்சு அசல் சறுக்குக்கட்டை வேலை. பயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, உடம்பைப் பின்னால் சாய்ப்பது. குதிகாலில் எடை போனால் முன்விளிம்பு பிடிப்பை இழந்து, பலகை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். சரிவைப் பார்த்து நெஞ்சைக் கொடு என்று வாத்தியார் கத்திக்கொண்டே இருப்பார். மனசு கேட்காது.

நெஞ்சைக் கொடுக்க முடிவதற்குக் காரணம் பூட்ஸ். கெட்டி பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் மெத்தை, நாலு கொக்கி. போட்டுக்கொண்டு நடந்தால் தசராவில் மரக்கால் கட்டியவர் நடை. அளவு சென்டிமீட்டரில் வரும், 26.5 என்றால் பாதத்தின் நீளம். சரியான பூட்ஸில் நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். கடைக்காரர் கேட்காவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நான் முதல்தடவை குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளிச் சாக்ஸ் போட்டேன். ரத்த ஓட்டம் நின்று, அரை மணியில் பாதம் மரத்துப்போனது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ், அவ்வளவுதான். பலகையை வாடகைக்கு எடுத்துக் காலம் தள்ளலாம். காசு போட்டு வாங்குவதானால் முதலில் பூட்ஸ் வாங்குங்கள்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்திருப்பது பைண்டிங். பிடிப்பதைவிட விடுவிப்பதுதான் அதன் முக்கிய வேலை. 1937இல் ஹியால்மர் ஹ்வாம் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டபோது யோசித்துச் செய்த பொறியிலிருந்து தானாக விடுவிக்கும் பைண்டிங் வந்தது. விழும்போது கால் முறுக்கினால் முன்பக்கம் பக்கவாட்டில் விடும், முன்னால் கவிழ்ந்தால் குதிகால் மேலே கழன்றுகொள்ளும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு, டின் என்பார்கள். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் ஐந்தையும் வைத்து அட்டவணையில் பார்த்து ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். ஐம்பது வயது தாண்டினால் எண் குறையும்.

வடக்கே ஒரு மலையூர் வாடகைக் கடையில் எனக்கு அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. முந்தின ஆள் கழற்றிப் போட்ட பலகையை அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கும் அப்போது கேட்கத் தெரியாது. மூன்றாம் நாள் மத்தியானம், கூழாகிப்போன பனியில் இடது பலகை சிக்கியது. உடம்பு ஒரு பக்கம் போனது, கால் வரவில்லை. பைண்டிங் கழலவே இல்லை. மெதுவாக விழுந்ததுதான் கெட்டது. வேகமாக விழுந்திருந்தால் கழன்றிருக்கும் என்று பிற்பாடு வாத்தியார் சொன்னார். முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கி, ஊருக்குத் திரும்பி ஆறு வாரம் மாடிப்படி ஏறவில்லை. பைண்டிங் வந்தபின் கணுக்கால், கெண்டைக்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்கால் தசைநார் கிழிவது அந்த அளவு குறையவில்லை என்பது இந்த விளையாட்டின் தீராத தலைவலி. ஆகவே கடையில் எடை கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். திறமை கேட்டால் குறைத்துச் சொல்லுங்கள்.

மெழுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலகையின் அடி ஒருவகை பாலித்தீன். அதன்மேல் மெழுகை இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றால் உருக்கித் தேய்த்து, ஆறியபின் சுரண்டி, பிரஷ் போடுவார்கள். கடுங்குளிரில் பனித்துகள் கூர்மையாக இருக்கும், கெட்டி மெழுகு வேண்டும். இளகிய பனிக்கு மிருதுவானது. பந்தயங்களில் ஃபுளோரின் கலந்த மெழுகுதான் ராஜாவாக இருந்தது. மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் நச்சு என்பதால் 2023-24 சீசனிலிருந்து சர்வதேசக் கூட்டமைப்பு அதை முழுக்கத் தடை செய்துவிட்டது.

உடுப்பில் பருத்தி கூடாது. நனைந்தால் காயாது, குளிரை இழுத்துவைக்கும். ஜீன்ஸும் பருத்திதான். அப்புறம் வெயில். திருநெல்வேலிக்காரனுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லவா என்று நானும் நினைத்தேன். புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம்வரை திருப்பியடிக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் தோல் உரிந்தது. கண்ணுக்குக் காகிள்ஸ், தலைக்கு ஹெல்மெட் கட்டாயம்.

சரிவில் வழிவிடும் விதி நம் பஸ்காரர்களுக்குத் தலைகீழ். முன்னால், அதாவது கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் பார்த்து ஒதுங்க வேண்டும். ஹாரனும் கிடையாது. தட்டிச் சமன்செய்த தடத்தை விட்டு வெளியே போகும் ஆசை சீக்கிரமே வரும், குறிப்பாகக் குல்மார்க்கில். பனிச்சரிவுகள் அதிகம் பிறப்பது முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரிவரை சாய்ந்த இடங்களில். சறுக்க ஆசை வருவதும் அதே சாய்வில்தான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். வழிகாட்டியும், சிக்னல் கருவியும், மண்வெட்டியும், தேடும் கம்பும் இல்லாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

இனிப் பந்தயம். சறுக்கவே போகாதவர்களும் இதைப் பார்க்கலாம், நேரமும் நமக்குத் தோதானது. கிட்ஸ்பூல் டவுன்ஹில் அங்கே காலை பதினொன்றரைக்குத் தொடங்கினால் நமக்கு மாலை நாலு, வடை போடுகிற நேரம்.

மலைச்சரிவுப் பந்தயத்தில் முக்கியமானவை நாலு. டவுன்ஹில்லில் ஒரே ஓட்டம், வேகம்தான் பிரதானம். 2013இல் சுவிட்சர்லாந்தின் வெங்கன் களத்தில் பிரெஞ்சுக்காரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டார். சூப்பர்-ஜி அதைவிடக் கொஞ்சம் திருப்பம் கூடியது. ஜயன்ட் ஸ்லாலமும் ஸ்லாலமும் நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குவது, இரண்டிரண்டு ஓட்டம்; இரண்டின் நேரத்தையும் கூட்டுவார்கள். ஸ்லாலமில் கம்புகள் நெருக்கமாக நட்டிருக்கும், ஓடுகிறவர்கள் அவற்றைக் கைக் கவசத்தாலும் முன்னங்கால் கவசத்தாலும் அடித்துச் சாய்த்துக்கொண்டே போவார்கள். இன்றைய ஸ்லாலமின் விதிகளை 1922இல் சுவிட்சர்லாந்தின் மியூரனில் வகுத்தவர் அர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். உலகக் கோப்பைத் தொடர் 1967இல் தொடங்கியது. ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்து 80, 60 என்று இறங்கி, முப்பதாம் இடத்துக்கு ஒன்று.

இரண்டு ஓட்டப் பந்தயங்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. முதல் ஓட்டத்தில் முப்பதாவது வந்தவர் இரண்டாவதில் முதலில் இறங்குவார், முதலிடக்காரர் கடைசி. ஆகவே தலைவலி முழுக்க அவருக்கு. இருபத்தொன்பது பேர் கீறிய பள்ளத்தில், தன் நேரத்தை எல்லோரும் துரத்திக்கொண்டிருக்கும்போது இறங்க வேண்டும். திரையில் பச்சை எண் தெரிந்தால் முன்னிலை, சிவப்பு என்றால் பின்தங்கல். வித்தியாசம் நூறில் ஒரு நொடியாக இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது இருபத்தெட்டு சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். 1976 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் ஃப்ரான்ஸ் கிளாமர் பாதி வழிவரை பின்தங்கியிருந்து, கடைசியில் 0.33 நொடியில் ஜெயித்தார். அந்தப் பதிவு இணையத்தில் கிடைக்கும். மஞ்சள் உடையில் கைகால் பறக்க அவர் இறங்குவதைப் பார்த்தால், விழாமல் வந்ததே பெரிது என்றிருக்கும்.

ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 86 உலகக் கோப்பை வெற்றிகளோடு 1989இல் ஓய்வுபெற்றார். அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின் தாண்டினார். 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியரேயில் நூறாவதையும் எடுத்தார். யாரைப் பார்த்துக் கற்பது என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். பதற்றமே தெரியாது, இடுப்புக்கு மேலே ஓர் ஆள், கீழே வேறு ஆள்.

பனி இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள், நார்வேக்குப் போட்டியிட்டுவிட்டுத் தாயின் நாடான பிரேசிலுக்கு மாறிய லூக்காஸ் பின்ஹெய்ரோ பிராதனைப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் ஓர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து, பிரேசிலுக்கு முதல் பரிசுமேடை வாங்கிக் கொடுத்தவர். நம் பக்கம் 1964இலேயே ஜெரமி புயகோவ்ஸ்கி இந்தியாவுக்காக இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் இறங்கிவிட்டார். 2018இல் மணாலிப் பக்கத்து ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் ஒரு சர்வதேசப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரர் குல்மார்க்கின் ஆரிஃப் கான். ஜயன்ட் ஸ்லாலமில் 45ஆவது இடம். கேலி செய்தவர்கள் உண்டு. அன்று கொட்டிய பனியில் புறப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஓட்டத்தை முடிக்கவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கிட்ஸ்பூலின் ஷ்ட்ரைஃப் களம் 3,312 மீட்டர் நீளம். 860 மீட்டர் இறக்கம். புறப்பட்ட சில நொடியில் எலிப்பொறி என்ற இடம் வரும். சரிவு அங்கே 85 சதவீதம், ஏறக்குறைய நாற்பது டிகிரி. ஆளே காற்றில் பறந்துதான் இறங்குவார். களத்தின் சாதனை நேரம் 1997இல் ஃப்ரிட்ஸ் ஷ்ட்ரோபிள் வைத்த 1 நிமிஷம் 51.58 நொடி. அண்ணாச்சிக்கு நான் விளிம்பு, வில், எடை எல்லாம் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா தெரியாது. திருப்பங்களை மெதுவாகத் திருப்பிக் காட்டும்போதெல்லாம் போனைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எஃகு விளிம்பில் பனி சீறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது பேர் முடிந்ததும் ஜெயித்தது யார் என்று தெரிந்துவிட்டது, வர்ணனைக்காரர்கள் பேட்டிக்குப் போய்விட்டார்கள். நான் போனை அணைக்கப் போனேன்.

"இன்னும் ஆளு வாரானே?"

"இனிமே வாரவங்க ஜெயிக்க மாட்டாங்க அண்ணாச்சி. களம் குதறிக் கிடக்கு, வெளிச்சமும் மங்கிட்டு."

"அதுக்கு? தேரு நிலைக்கு வர வேண்டாமா?" என்று நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசி ஆள் வந்து சேர்ந்தபோது எங்கள் தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள்.